ராஜாவுக்குக் காய்ச்சல்னா முதல்ல மூட்டை கட்டுறது யாரு?

"ஐரோப்பிய ராஜாக்கள்லாம் ஊரறிய ஆசைநாயகி வச்சிருந்தாங்களே, ராணிங்க ஒண்ணுமே சொல்லலையா, சர்ச் எப்படி விட்டுச்சு, அந்தப் பொம்பளைங்களுக்கு நெசமாவே அதிகாரம் இருந்துச்சா இல்ல நகைநட்டோட சரியா"ன்னு கேட்டிருக்கீங்க. மூணுமே நல்ல கேள்வி, ஆனா மூணுக்கும் பதில் ஒரே எடத்துல போய் முட்டும். அது ராஜாவோட படுக்கை. நீங்க நினைக்கிற அர்த்தத்துல இல்ல, அவர் சீக்காளியாப் படுத்த படுக்கை. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல ஒரு அடிப்படை. நம்ம ஊர் ராஜா ஒருத்தர் பட்டத்து ராணி போக இன்னும் நாலு பேரைக் கட்டிக்கிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, அந்தப் பிள்ளைங்களும் ராஜா வீட்டுப் பிள்ளைங்கதான். கிறிஸ்தவ ராஜாவுக்கு அது முடியாது. ஒரே ஒரு பொண்டாட்டி, அதுவும் சாகுற வரைக்கும். அந்த ஒரு பொண்டாட்டியையும் அவர் தேர்ந்தெடுக்கிறது இல்ல, மந்திரிங்க தேர்ந்தெடுப்பாங்க, ஏன்னா அது கல்யாணமே இல்ல, ரெண்டு நாட்டுக்கு நடுவுல போடுற ஒப்பந்தம். இங்கிலாந்து ரெண்டாம் சார்ல்ஸ் போர்ச்சுகல் இளவரசி காத்தரீனைக் கட்டினப்ப சீதனமா வந்ததுல ஒண்ணு நம்ம பம்பாய். 1661ல கையெழுத்தான ஒப்பந்தம், 1668ல அந்த ஊரை அப்படியே கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்துட்டாங்க. ஊரையே எழுதிக் கொடுத்து நடக்குற கல்யாணத்துல மாப்பிள்ளைக்குப் பொண்ணைப் புடிச்சிருக்கான்னு யாரு கேக்கப்போறா. ராணியோட வேலை வாரிசு பெத்துக் கொடுக்குறது, அது முடிஞ்சதும் ராஜாவுக்கு மனசுக்குப் புடிச்ச ஒருத்தி வேணும்னா அரண்மனையில எல்லாரும் அந்தப் பக்கம் பார்க்காம இருந்துடுவாங்க.

இதெல்லாம் எல்லா நாட்டுலயும் இருந்ததுதான், ஆனா பிரான்ஸ்காரங்க இதை ஒரு போஸ்ட்டாவே ஆக்கிட்டாங்க. ஏழாம் சார்ல்ஸோட ஆள் ஆன்யஸ் சோரெல், 1450ல செத்தவங்க, அவங்கதான் பிரான்ஸ்ல ஊரறிய அங்கீகாரம் வாங்கின முதல் ஆசைநாயகின்னு சொல்றது வழக்கம். (2005ல அவங்க எலும்பை ஆராய்ச்சி பண்ணப்ப பாதரசம் எக்கச்சக்கமா இருந்துச்சு, விஷம் வச்சாங்களா இல்ல அந்தக் காலத்து மருந்தான்னு இன்னைக்கும் சண்டை ஓடுது.) அப்புறம் ரெண்டாம் ஹென்றியோட தியான் த புவாத்தியே, ராஜாவை விட கிட்டத்தட்ட இருபது வயசு மூத்தவங்க, ஷெனோன்சோ கோட்டையே அவங்க பேர்ல. 1559ல குதிரைப் போட்டியில ஈட்டி துண்டு கண்ணுல ஏறி ராஜா சாகக் கிடந்தார், தியானை ராணி காத்தரீன் த மெதிச்சி கிட்டவே விடல, ராஜா கண்ணை மூடினதும் ஷெனோன்சோவைப் புடுங்கிக்கிட்டு வேற ஒரு கோட்டையைக் கையில கொடுத்து அனுப்பிட்டாங்க. இருபது வருஷத்துக்கும் மேல பொறுமையா இருந்த பொண்டாட்டி. படுக்கைக் கதை இங்கேயே ஆரம்பிச்சாச்சு பாருங்க.

இந்தப் போஸ்ட்டுக்குன்னு எழுதாத விதிகள் உண்டு. கேட்டா சிரிப்பு வரும், ஆனா ரொம்ப சீரியஸா நடந்துச்சு. அந்தப் பொம்பளை அரண்மனையில முறைப்படி அறிமுகம் ஆகணும், அதாவது பெரிய வீட்டுப் பொம்பளை ஒருத்தர் கூட்டிட்டு வந்து ராஜா முன்னாடியும் ராணி முன்னாடியும் நிறுத்தி கும்பிடு போட வைக்கணும். அதுக்கு ஒரு பட்டம் வேணும், பட்டத்துக்கு ஒரு புருஷன் வேணும். ஆமா, ராஜாவோட ஆசைநாயகிக்குக் கல்யாணம் ஆகியிருக்கணும்! பதினஞ்சாம் லூயிக்குக் கடைசியா வந்த ழான் பெக்யூவுக்கு அப்பா பேரே தெரியாது, அவங்களை வச்சிருந்த தூ பாரின்ற ஆளுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிருச்சு, சரின்னு அவனோட தம்பியை ஊர்லேர்ந்து வரவழைச்சு 1768 செப்டம்பர் 1ல தாலி கட்ட வச்சாங்க (தாலி நம்ம பாஷைக்குச் சொல்றேன்), பொண்ணுக்கு வயசைக் குறைச்சு, இல்லாத உயர்குல அப்பா ஒருத்தரையும் போட்டுப் பொய்யா ஒரு பிறப்புச் சான்றிதழ் தயார் பண்ணாங்க. அப்புறம் அறிமுகப்படுத்த ஆள் வேணுமே, கடன்ல மூழ்கின ஒரு கிழவி சீமாட்டியைப் புடிச்சுக் கடனை அடைச்சு ஒத்துக்க வச்சாங்க. 1769 ஏப்ரல்ல மேடம் தூ பாரி ரெடி.

புருஷன்னு ஒருத்தன் இருக்குறதுல சிக்கலும் உண்டு. பதினாலாம் லூயிக்கு மேடம் மொந்தெஸ்பான் மூலமா ஏழு பிள்ளைங்க. ஆனா அந்தம்மா இன்னொருத்தர் பொண்டாட்டி, சட்டப்படி பார்த்தா பொண்டாட்டி பெத்த பிள்ளை புருஷனுக்குத்தான் சொந்தம், அந்தப் புருஷன் மார்க்கி (மார்க்கின்னா ஒரு பிரபு பட்டம்) சும்மா இருக்குற ஆளும் இல்ல, வண்டி மேல கொம்பு வச்சு ஓட்டினான் (பொண்டாட்டி ஏமாத்தின புருஷனுக்கு அங்க கொம்புதான் அடையாளம்), பொண்டாட்டி செத்துட்டான்னு கருமாதியே பண்ணான்னு எல்லாம் கதை இருக்கு. அதனால 1673 டிசம்பர்ல ராஜா அதுல மூத்த பிள்ளைங்க சிலரைத் தன்னுதுன்னு சட்டப்படி அறிவிச்சப்ப அந்தப் பத்திரத்துல அப்பா பேர் இருக்கு, அம்மா பேரே இல்ல. வானத்துலேர்ந்து குதிச்ச மாதிரி. நாட்டையே ஆட்டிப்படைச்ச ராஜா, ஒரு புருஷன் கேஸ் போட்டுருவானோன்னு பயந்து எழுதின பத்திரம் அது. (அந்தப் பிள்ளைங்களை ரகசியமா வளர்த்த ஆயாம்மா பின்னாடி ராஜாவையே ரகசியமாக் கட்டிக்கிட்டாங்க, 1683ல, மேடம் மெந்தனோன். ஜெயில்ல கெடந்தவருக்கு மகளாப் பொறந்தவங்க. அது தனிக் கதை, இன்னொரு நாள்.)

சரி, ராணிங்க ஒண்ணும் சொல்லலையான்னா, சொன்னாங்க, ஆனா அவங்க பேச்சு செல்லல. மேல சொன்ன போர்ச்சுகல் காத்தரீன் 1662ல இங்கிலாந்து வந்து இறங்கின கொஞ்ச நாள்ல ராஜா தன்னோட ஆள் பார்பராவை ராணிக்கே தோழியா நியமிக்கணும்னு அடம் புடிச்சார். லிஸ்ட்ல அந்தப் பேரை ராணி அடிச்சாங்க. ராஜா ஒருநாள் எல்லார் முன்னாடியும் பார்பராவைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து அறிமுகம் பண்ணார், யாருன்னு புரிஞ்ச நிமிஷம் ராணிக்கு மூக்குலேர்ந்து ரத்தம் வந்து மயங்கி விழுந்துட்டாங்க. அப்புறம் என்ன ஆச்சு, கூட வந்த போர்ச்சுகல்காரங்களை எல்லாம் ஊருக்கு அனுப்பி ராணியைத் தனியாக்கி ஒத்துக்க வச்சாங்க. இதுக்கு நேர் எதிரா ரெண்டாம் ஜார்ஜோட ராணி கரோலின். 1737ல சாகக் கிடக்கும்போது "நான் போனதும் வேற கல்யாணம் பண்ணிக்கோங்க"ன்னாங்களாம், ராஜா தேம்பித் தேம்பி அழுதுகிட்டே "இல்ல இல்ல, எனக்கு ஆசைநாயகிங்க இருப்பாங்க"ன்னாராம். அதுக்கு அந்தம்மா "அட கடவுளே, அதுக்கும் இதுக்கும் என்ன"ன்னு கேட்டாங்கன்னு பக்கத்துல இருந்த ஹெர்வி பிரபு எழுதி வச்சிருக்கார். எனக்கு இந்த விஷயத்துல மொத்த ஐரோப்பாவும் இந்த ரெண்டு வரியில இருக்குற மாதிரி தோணும்.

இப்ப சர்ச். இங்கதான் எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க, சர்ச் கண்டுக்கலன்னு. கண்டுக்கிச்சு. கத்தோலிக்க ராஜா ஆசைநாயகி வச்சிருக்குற வரைக்கும் பாவசங்கீர்த்தனம் பண்ணி, அதாவது பாதிரியார்கிட்டப் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்க முடியாது, மன்னிப்பு இல்லாம நற்கருணை (பூசையில கொடுக்குற அப்பம்) வாங்க முடியாது. பிரான்ஸ் ராஜா பெரிய பண்டிகைகள்ல கண்டமாலை (கழுத்துல கட்டி கட்டியா வர்ற சீக்கு) வந்த நோயாளிங்களைத் தொட்டுக் குணப்படுத்துற ஒரு சடங்கு உண்டு, "ராஜா உன்னைத் தொடுறார், கடவுள் உன்னைக் குணமாக்கட்டும்"னு, அதுக்கு முன்னாடி அவர் நற்கருணை வாங்கியிருக்கணும். 1739 ஈஸ்டருக்குப் பதினஞ்சாம் லூயி பாவசங்கீர்த்தனம் பண்ணல, சடங்கும் நடக்கல, அதுக்கப்புறம் வருஷா வருஷம் அதே கதை. ராஜா கை பட்டா சீக்குப் போகும்னு நம்பிக்கிட்டு நடந்தே வந்த ஏழைங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும். அரண்மனைக்குள்ள நடக்குற சமாச்சாரம் பட்டிக்காடு வரைக்கும் போனது இந்த வழியாத்தான்.

ஆரோக்கியமா இருக்குற வரைக்கும் ராஜா இதைத் தள்ளிப்போடலாம். சாவு வாசலுக்கு வந்துட்டா தள்ளிப்போட முடியாது, நரக பயம் அப்ப நெசம், நம்மளை மாதிரி பேச்சுக்குச் சொல்ற பயம் இல்ல. ஆக இந்த வேலைக்கு ராணி எதிரி இல்ல, மந்திரி எதிரி இல்ல, பெரிய எதிரி ராஜாவோட காய்ச்சல். பதினஞ்சாம் லூயி ஒருத்தரோட மூணு படுக்கையைப் பார்த்தாலே போதும்.

மொதல் படுக்கை, மெட்ஸ் ஊர், 1744 ஆகஸ்ட். லூயிக்குப் பதினஞ்சு வயசுல தன்னைவிட ஏழு வயசு மூத்த போலந்துக்காரி மரி லெஷின்ஸ்காவைக் கட்டி வச்சாங்க, 1727லேர்ந்து 1737க்குள்ள பத்துப் பிள்ளைங்க, பாவம் அந்தம்மா உடம்பு ஓஞ்சு போய் கதவைச் சாத்திக்கிட்டாங்க. ராஜா அதுக்குள்ள நெல் (Nesle)ங்கற பிரபுக் குடும்பத்து அக்கா தங்கச்சிங்களை ஒருத்தருக்கப்புறம் ஒருத்தரா வச்சுக்கிட்டார், ஊர்ல ஒரே பேச்சு. அதுல கடைசியா வந்தவங்க ஷாத்தோரூ சீமாட்டி, போர்க்களத்துக்கே கூடப் போனாங்க. மெட்ஸ்ல ராஜா தங்கின எடத்துக்கும் இவங்க தங்கின எடத்துக்கும் நடுவுல தெருவை மறிச்சு மரத்துல மூடின பாலம் கட்டினாங்க, எதுக்குன்னு ஊருக்கே தெரியும். திடீர்னு ராஜாவுக்குக் கடுங்காய்ச்சல். சுவாசோன் பிஷப் உறுதியா நின்னுட்டார், அவ வெளிய போனாத்தான் கடைசிச் சடங்கு. ராஜா சரின்னுட்டார். சீமாட்டியும் அவங்க அக்காவும் திரையை இழுத்து விட்ட வண்டியில கிளம்பினாங்க, வழியெல்லாம் ஜனங்க கெட்ட வார்த்தையில திட்டுனாங்க. ராஜா எல்லார் முன்னாடியும் தப்பை ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டார், சர்ச் அந்த மன்னிப்பை ஊர் ஊராப் பரப்பிருச்சு. அப்புறம்தான் விஷயம், ராஜா பொழச்சுக்கிட்டார்! ஜனங்க "அன்புக்குரிய லூயி"ன்னு பட்டம் கொடுத்துக் கொண்டாடுறாங்க, அவர் உள்ளுக்குள்ள அவமானத்துல வேகுறார். பிஷப்பை அவர் ஊருக்கே போகச் சொல்லிட்டார், ஷாத்தோரூவைத் திரும்பக் கூப்பிட்டார், ஆனா அந்தம்மா வேலையில மறுபடி சேர்றதுக்குள்ள அதே டிசம்பர்ல செத்துட்டாங்க, வயசு 27.

காலியான எடத்துக்கு வந்தவங்கதான் எல்லாருக்கும் தெரிஞ்ச பொம்பதூர். சொந்தப் பேர் ழான் அந்துவானெத் புவாசோன், புவாசோன்னா மீன். உயர்குலம் இல்ல, பாரிஸ் பணக்கார வட்டத்துப் பொண்ணு, நடிப்பு பாட்டு எல்லாம் கத்துக்கொடுத்து வளர்த்தாங்க. ஒம்பது வயசுல ஒரு குறிகாரி இவ ராஜா மனசைப் புடிப்பான்னு சொன்னாளாம், பெரிய ஆளானப்புறம் அந்தக் குறிகாரிக்கு வருஷத்துக்கு 600 லிவர் (அந்தக் காலத்து பிரெஞ்சுக் காசு) பென்ஷன் கொடுத்திருக்காங்க, அது அவங்க கணக்குலயே இருக்கு. 1745 பிப்ரவரியில ராஜாவோட அரண்மனை வெர்சாய்ல நடந்த மாறுவேஷ விருந்துல ராஜா வெட்டி விட்ட செடி மாதிரி வேஷம் போட்டு வந்து இவங்களோட நின்னு பேசினார், செப்டம்பர் 14ல முறைப்படி அறிமுகம். அன்னைக்கு அரண்மனையே கழுத்தை நீட்டிப் பார்த்துச்சு, ராணி என்ன பேசுவாங்கன்னு. வழக்கமா பிடிக்காதவங்ககிட்ட உடுப்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசி அனுப்பிடுவாங்க, வேற பேச்சு இல்லன்னு அர்த்தம். மரி அப்படிப் பண்ணல, ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச ஒரு சீமாட்டியைப் பத்தி நல்லா இருக்காங்களான்னு விசாரிச்சாங்க. பொம்பதூர் அந்த ஒரு கேள்விக்கு ஆயுசு பூரா நன்றி மறக்கல. ராணியோட கடனை ராஜா அடைச்சதுக்குப் பின்னாடி இவங்க இருந்தாங்க. ராஜாவோட பிள்ளைங்கதான் இவங்களை "வேசி அம்மா"ன்னு கூப்பிட்டாங்க, அது வேற.

அதிகாரம் எப்படி வந்துச்சுங்கறதை அவங்க ரூம் எங்க இருந்துச்சுன்னு பார்த்தா புரியும். வெர்சாய்ல கூரைக்குக் கீழ மேல் மாடி, ராஜா ரூமுக்கு மேல, நடுவுல தனிப் படிக்கட்டு. ஏறமுடியாதவங்களுக்குக் கயிறும் எடைக்கல்லும் வச்சு இழுக்குற நாற்காலி, அந்தக் காலத்து லிஃப்ட். ராஜாவைப் பார்க்கணும்னா மந்திரிக்கே முறை இருக்கு நேரம் இருக்கு, அந்தப் படிக்கட்டுக்கு மட்டும் எதுவும் இல்ல. அப்ப படைத்தளபதி வேலை வேணும், பையனுக்கு பிஷப் பதவி வேணும், பென்ஷன் வேணும்னா எங்க போவாங்க, அந்த மாடிக்குத்தான். பொம்பதூர் தன் ரூம்ல தனக்கு ஒரே ஒரு நாற்காலி போட்டு வச்சிருப்பாங்க, வர்ற பிரபுக்கள் நின்னுகிட்டே பேசணும். மீன்காரிப் பேர் வச்சுக் கிண்டல் பாட்டுக் கட்டினவங்க எல்லாம் அங்க கைகட்டி நின்னாங்க. பாட்டு எழுத விட்டார்னு சந்தேகப்பட்ட மந்திரி மோர்பா 1749ல பதவியும் போய் ஊரை விட்டே போனார்.

இதுல விசேஷம் என்னன்னா 1750 வாக்குலயே ராஜாவுக்கும் இவங்களுக்கும் உடம்பு சம்பந்தம் முடிஞ்சிருச்சு. உடம்பு முடியாதவங்க, நெஞ்சு சீக்கு. அப்பவும் சாகுற வரைக்கும் இன்னும் பதினாலு வருஷம் அந்த எடம் போகல. ஒரு தடவ சர்ச்சோட சமரசம் பண்ணிக்கப் பார்த்தாங்க, இப்பதான் சும்மா சிநேகிதம்தானே, மன்னிப்புக் கொடுங்கன்னு. பாதிரியார், அப்ப புருஷன்கிட்டத் திரும்பிப் போன்னுட்டார். இவங்களும் புருஷனுக்குப் பணிவா ஒரு லெட்டர் போட்டாங்க, தப்பெல்லாம் மன்னிச்சு ஏத்துக்கோங்கன்னு. அவர் அதைவிடப் பணிவாப் பதில் போட்டார், மனசார மன்னிச்சுட்டேன், ஆனா நீ வர வேணாம். (வந்து தொலைச்சிருந்தா அவர் கதி என்னன்னு அவருக்குத் தெரியும்.) அந்த லெட்டரைக் காட்டி 1756ல ராணியோட தோழியாவே அதிகாரப்பூர்வமா வேலை வாங்கிட்டாங்க. என்னைக் கேட்டா அந்த நூற்றாண்டோட சாமர்த்தியமான ஃபைல் வேலை இதுதான்.

ரெண்டாவது படுக்கை, 1757 ஜனவரி 5. வண்டி ஏறப்போன ராஜாவை தாமியான்னு ஒருத்தன் சின்னக் கத்தியால குத்திட்டான். குளிர்காலம், தடிமனான துணி, காயம் பெருசில்ல. ஆனா கத்தியில விஷம் இருக்குமோன்னு ராஜா பயந்து பாதிரியாரைக் கூப்பிடுன்னார். மாடியில பொம்பதூருக்கு நாள் கணக்கா ஒரு சேதியும் இல்ல. மெட்ஸ் கதை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கே. இவங்களே தூக்கி விட்ட மந்திரி மஷோ வந்து கிளம்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போனார், பெட்டியெல்லாம் கட்ட ஆரம்பிச்சாச்சு. அப்பதான் சிநேகிதி மிர்ப்புவா சீமாட்டி வந்து, ஆட்டத்தை விட்டு எந்திரிச்சவதான் தோத்தவன்னு சொல்லி நிறுத்தினாங்க. பெட்டி கட்டுற மாதிரி காட்டிக்கிட்டே உக்காந்திருந்தாங்க. ராஜா ஒருநாள் படியேறி வந்துட்டார், பிப்ரவரி 1ல மஷோ வேலை போச்சு, அவரோட சேர்த்து போர் மந்திரி தார்ஜான்சோன் வேலையும்.

அவங்க அதிகாரத்தைப் பெருசாக்கியும் சொல்ல முடியாது. 1756ல பிரான்ஸ் ஆஸ்திரியாவோட கூட்டு சேர்ந்ததுக்கு அவங்கதான் காரணம்னு ஸ்கூல் புஸ்தகம் வரைக்கும் எழுதிட்டாங்க. பேச்சுவார்த்தை அவங்க வீட்டுத் தோட்டத்து மண்டபத்துல ஆரம்பிச்சது நெசம், ஆஸ்திரியாக்காரங்க ராஜா காதுக்குப் போக அவங்களைத் தேடி வந்ததும் நெசம். ஆனா பிரஷ்யா இங்கிலாந்தோட கை கோத்தப்புறம் பிரான்ஸுக்கு வேற வழியும் பெருசா இல்ல, முடிவு ராஜாவோடது. அதுக்கப்புறம் வந்த ஏழாண்டுப் போர்ல, 1757 நவம்பர்ல ரோஸ்பாக்ல படை தோத்துச்சு, கனடா போச்சு, இந்தியாவுலயும் எல்லாம் போய் பாண்டிச்சேரி மாதிரி சில ஊர் மட்டும் திரும்பக் கிடைச்சுச்சு. திட்டு பூரா இவங்களுக்கு. ராஜாவைத் திட்டினா ராஜத்துரோகம், இவங்களைத் திட்டினா பாட்டு. இந்தப் போஸ்ட்டோட எழுதாத வேலைகள்ல அதுவும் ஒண்ணு, அடி வாங்குறது.

1764 ஏப்ரல் 15ல வெர்சாய்லயே செத்தாங்க, 42 வயசு. அரண்மனைக்குள்ள சாகுறதுக்கு ராஜ குடும்பத்துக்கு மட்டும்தான் அனுமதி, இவங்களுக்கு விதிவிலக்கு. பிணம் ஊரை விட்டுப் போன சாயங்காலம் காத்து மழை, ராஜா பால்கனியில நின்னு கண்ணுக்கு மறையுற வரைக்கும் பார்த்தார். கூடப் போக முறை இல்ல. பாரிஸ் வீட்டை உயில்ல ராஜாவுக்கே எழுதி வச்சிருந்தாங்க, இன்னைக்கு எலிசே அரண்மனைன்னு பிரெஞ்சு ஜனாதிபதி குடியிருக்கிறது அதேதான்.

மூணாவது படுக்கை, 1774, தூ பாரி காலம். அந்தம்மாவுக்கு அரசியல்ல ஆர்வம் கம்மி, நல்ல மனசுன்னு விரோதிங்களே எழுதியிருக்காங்க, ஆனா ராஜாவோட பேரனைக் கட்டிக்கிட்டு வந்த சின்ன இளவரசி மரி அந்துவானெத் பேசவே மாட்டேன்னு ஒன்றரை வருஷத்துக்கும் மேல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க, வியன்னாவுலேர்ந்து அவங்க அம்மா லெட்டர் மேல லெட்டர் போட்டு அதட்டினப்புறம் 1772 புத்தாண்டு அன்னைக்கு "இன்னைக்கு வெர்சாய்ல ஒரே கூட்டம்"னு ஒத்த வரி. அம்புட்டுதான், அதுக்கே அரண்மனை கொண்டாடுச்சு. ஏப்ரல் கடைசியில ராஜாவுக்கு அம்மை போட்டுச்சு. பயப்படாம ராத்திரியெல்லாம் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டது தூ பாரிதான். அம்மைன்னு தெரிஞ்சதும் ராஜாவே சொல்லிட்டார், மெட்ஸ்ல நடந்த மாதிரி மறுபடி நடக்க வேணாம், நீ போயிரு. முப்பது வருஷம் கழிச்சும் அவருக்கு அந்த அவமானம் மறக்கல. மே 5ல அனுப்பிட்டாங்க, அன்னைக்கே ராஜா அவளைக் கூப்பிடுன்னாராம், போயிட்டாங்கன்னு சொன்னாங்க. மே 10ல செத்தார். புதுசா வந்த பதினாறாம் லூயி உடனே ஒரு உத்தரவு போட்டு தூ பாரியைக் கன்னியாஸ்திரி மடத்துல அடைச்சார்.

அதுக்கப்புறம் வெளிய வந்து லூவ்சியேன் ஊர்ல அவங்க வீட்டுல அமைதியாத்தான் இருந்தாங்க. புரட்சி வந்துச்சு, 1791ல நகையெல்லாம் திருடு போச்சு, லண்டன்ல பிடிபட்டுச்சுன்னு அதைத் தேடி நாலு தடவ லண்டன் போனாங்க, அங்கேயே இருந்திருக்கலாம், திரும்பி வந்துட்டாங்க. வங்காளத்துல பொறந்து சின்ன வயசுல அடிமையா விக்கப்பட்டு அவங்க வீட்டுல பொம்மை மாதிரி வளர்ந்த ஸமோர் அவங்களுக்கு எதிராவே சாட்சி சொன்னான், அவனைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. 1793 டிசம்பர் 8ல தலையை வெட்டினாங்க. குற்றப்பட்டியல்ல இருந்ததுல ஒண்ணு, லண்டன்ல இருந்தப்ப பதினாறாம் லூயி சாவுக்குத் துக்க உடுப்பு போட்டது. 1774ல மடத்துல அடைச்சாரே, அதே லூயிக்கு.